நடுவிரலில் வைக்க வேண்டிய மை

விதி இதுதான்: ஒரு வாக்காளர் முறைப்படி நியமித்த இன்னொருவர் அவருக்குப் பதிலாக வந்து வாக்களித்தால், அழியாத மையை அந்தப் பதிலாளின் இடது கை நடுவிரலில் வைக்க வேண்டும். ஆட்காட்டி விரலில் அல்ல. ஆட்காட்டி விரல் அவரவர் சொந்த வாக்குக்கு. நம் நாட்டில் இந்த வசதி ராணுவம் போன்ற பணிகளில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அதனால் பெரும்பாலான அலுவலர்கள் ஓய்வு பெறும்வரை இந்த விதியை ஒருமுறைகூட எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பயிற்சி வகுப்பில் இந்தப் பக்கம் வரும் நேரத்தில் டீ வந்துவிடும். நான் டீயை ஆற விட்டுவிட்டு அந்தப் பக்கத்தைப் படித்தவள்.

எனக்கு அது ஒரே ஒரு முறை பயன்பட்டது. பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். காலையில் வாக்களித்துவிட்டுப் போன ஒரு இளம்பெண் மதியம் மறுபடி வரிசையில் வந்து நின்றாள். ஆட்காட்டி விரலில் மை அப்படியே இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த கட்சி முகவர்கள் இருவரும் எழுந்து கத்தினார்கள். ஒருவர் கன்னடக்காரர், ஒருவர் தமிழர். கள்ள வோட்டு என்பது இரண்டு மொழியிலும் ஒரே சொல்லாக இருப்பதால் சேர்ந்திசை மாதிரிக் கேட்டது. அவள் எல்லையில் இருந்த ஒரு சிப்பாயின் மனைவி, கணவனின் பதிலாள். காலையில் தன் வாக்கு, மதியம் அவன் வாக்கு. நான் விதிப் புத்தகத்தைத் திறந்து உரக்க வாசித்தேன். முகவர்கள் உட்கார்ந்தார்கள். அவளுடைய நடுவிரலில் நானே மை வைத்தேன். "ரெண்டு வெரலும் கறுப்பாச்சே மேடம்" என்றாள் அவள். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவருக்கு" என்றேன். மாநில அரசில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்து நான் சொன்ன வாக்கியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அது எந்தக் கோப்பிலும் இல்லை.

இங்கிலாந்தில் இந்த விதி செல்லாது. அங்கே யாருக்கும் எந்த விரலிலும் மை வைப்பதில்லை. வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

என் அண்ணன் இருபத்திரண்டு வயதில் பெங்களூரின் மர்பி டவுனிலிருந்து இங்கிலாந்து போனார். பஸ் கண்டக்டராகச் சேர்ந்து, டிப்போ இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். அங்கே போன புதிதில் அவர் வீட்டுக்கு எழுதியதில் என் தந்தை எல்லோருக்கும் படித்துக் காட்டியது ஊதியத்தைப் பற்றிய வரியை அல்ல. "இங்கே நமக்கு வோட்டு உண்டு" என்ற வரியை. காமன்வெல்த் நாட்டுக்காரர் அங்கே குடியிருந்தால், பிரிட்டிஷ் குடியுரிமை வாங்காமலே வாக்களிக்கலாம். இன்றைக்கும் அப்படித்தான். நம்மை ஆண்டவன் நாட்டுக்கே போய், அதை ஆளும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை! என் தந்தை அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரு சுற்று வந்தார். அன்று தொடங்கி என் அண்ணன் ஒரு தேர்தலைக்கூடத் தவற விட்டதில்லை. நகராட்சித் தேர்தலுக்கும் டை கட்டிக்கொண்டு போவார். அங்கே தேர்தல் வியாழக்கிழமைகளில் வரும். அவர் வியாழக்கிழமைக்கு என்றே ஒரு டை வைத்திருந்தார்.

போன வேனிற்காலத்துக்கு முந்தைய வேனிலில், 2024இல், முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அவர் பெங்களூர் வந்தார். அங்கே காத்திருப்போர் வரிசை நீளம். இங்கே தங்கை வீடு இருக்கிறது. ஆஸ்டின் டவுனில் என் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டோம். எனக்கு எழுபது தாண்டியாகிவிட்டது. அவர் இன்னும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். துணைச் செயலாளராக ஓய்வு பெற்ற ஒருத்தியை உலகத்தில் ஒருவராவது அப்படிக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அவளைத் தாங்க முடியாது.

அப்போது நம் நாடாளுமன்றத் தேர்தலும் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை எங்களுக்கு வாக்குப்பதிவு. என் தெருவில் முதல் ஆளாகக் கைத்தடியோடு வந்து நின்றவர்களெல்லாம் என் வயதுக்காரர்கள். கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வருகிறதே என்று கூர்குக்குப் போய்விட்டார்கள். அண்ணனிடம் இதைச் சொல்லிப் பொருமினேன்.

"அங்கயும் அதே கதைதான், பாப்பா. கெழவனுங்க போவானுங்க. புள்ளைங்க போவாதுங்க. அப்பறம் எங்க வாழ்க்கைய கெடுத்துட்டீங்கன்னு எங்களையே கேக்கும்ங்க."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் 'புள்ளைங்க' என்று அவர் சொன்னது ஒரே ஒரு பிள்ளையை.

அவருடைய மகன் கப்பலில் பொறியாளர். வருடத்தில் பாதி கடலில். மருமகள் போர்ச்சுகல்காரி, அங்கே மருத்துவமனையில் நர்ஸ். முதன்முதலில் அவள் புகைப்படம் வந்தபோது "கோவாவா?" என்று எங்கள் தெருவே கேட்டது. அவர்களுக்கு ஒரே பெண். மகன் கப்பலுக்கும் மருமகள் டியூட்டிக்கும் போய்விட, அந்தக் குழந்தையை வளர்த்தது தாத்தாதான். அதன் விளைவை நான் போனில் முதல்முறை கேட்டபோது கையிலிருந்த காப்பி சிந்தியது. இங்கிலாந்தில் பிறந்து, போர்ச்சுகல் அம்மாவின் பச்சைக் கண்ணோடு இருக்கும் அந்தப் பெண், அறுபது வருடத்துக்கு முந்தைய மர்பி டவுன் தமிழ் பேசினாள். "இன்னா அத்தை, எப்டி கீறே?" நான் கான்வென்ட்டிலும் கல்லூரியிலும் படித்துப் பாடுபட்டு நாக்கிலிருந்து துரத்திய அத்தனை 'கீது'களும் கடல் தாண்டிப் போய் அங்கே பத்திரமாக இருந்தன. அவளுக்கு நான் அத்தைப் பாட்டி முறை. அவள் அப்பா கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அத்தை என்றே கூப்பிட்டாள். நானும் திருத்தவில்லை, பத்து வயது குறைகிறது.

பிறகு பிரெக்ஸிட் வந்தது.

ஐரோப்பாவோடு இருப்பதா, விலகுவதா என்று அந்த நாடு வாக்கெடுப்பு நடத்தியபோது அவளுக்குப் பத்து வயது. அண்ணன் விலகுவதற்குப் போட்டார். அதை அவர் மறைக்கவும் இல்லை. அங்கே வாக்குச்சாவடியில் பென்சில்தான் கொடுப்பார்களாம். பென்சிலை அழித்துவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, அவர் வீட்டிலிருந்து பேனா கொண்டுபோனார். பென்சிலால் ஒரு நாட்டின் தலையெழுத்தை எழுதுகிறார்கள் என்று கேட்டு எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

முன்பெல்லாம் அங்கே வோட்டு என்பது வேலையைப் பார்த்து விழும் என்பார் அண்ணன். டிப்போ முழுக்க ஒரு பக்கம், பங்களாக்காரர்கள் மறுபக்கம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலணியைப் பார்த்தால் போதும். அந்த வாக்கெடுப்புக்குப் பிறகு அது வயதைப் பார்த்து விழத் தொடங்கியது. ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கோழியைத் தின்பவர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். என் அண்ணன் வீட்டில் சண்டை உடனே வரவில்லை. விலகல் நடைமுறைக்கு வரும்போது, அங்கே இருக்கும் ஐரோப்பியர்கள் எல்லோரும் தொடர்ந்து வாழ விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். மருமகள் அந்த நாட்டு நோயாளிகளை இருபது வருடமாகப் புரட்டிப் படுக்க வைத்தவள். அவளும் விண்ணப்பித்தாள், அனுமதியும் வந்தது. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால், அம்மா சாப்பாட்டு மேசையில் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி அடுக்கியதை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதில், ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், அண்ணன் ஏதோ பேச்சுக்கு "ஒரு ஃபாரம்தானே, நாங்க ரொப்பாத ஃபாரமா?" என்று சொல்ல, அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நீ வோட்டு போட்டே. எங்கம்மா அவங்க வூட்லயே கீறதுக்கு ஃபாரம் ரொப்புனாங்க. உனக்கு தமாஷா கீதா?"

அதற்குப் பிறகு அவள் தாத்தாவோடு பேசவில்லை. அவர் தினமும் காலையில் அவளுக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் அனுப்புவார். இரண்டு நீலக் கோடு விழும். பதில் வராது. படித்துவிட்டாள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பதற்கு எந்த அலுவலக நடைமுறையிலும் இடமில்லை.

மே மாதம் பின்பாதியில், கொட்டும் மழையில் நனைந்துகொண்டே இந்திய வம்சாவளியில் வந்த இங்கிலாந்துப் பிரதமர் தேர்தலை அறிவித்தார். ஜூலை நான்காம் தேதி, வியாழக்கிழமை. அண்ணன் அப்போது வாக்கர் பிடித்து ஹாலுக்கும் சமையலறைக்கும் நடை பழகிக்கொண்டிருந்தார். மருத்துவர் விமானப் பயணத்துக்கு ஆகஸ்ட் வரை தடை போட்டிருந்தார்.

"டை வேற கொண்டாரலியே" என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். வாக்கரைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

மாலையில் மாடி வீட்டு அம்மா வந்தார். கோலார் தங்கவயல்காரர்; எந்தச் செய்தியும் அவருக்கு முதலில் தெரிந்துவிடும். "அண்ணே, லண்டன்ல எலெக்சனாமே! நம்ம ஆளுக்குத்தான உங்க வோட்டு?"

"நம்ம ஆளா? அவரு பஸ்ல ஏறி நான் பாத்ததே இல்லம்மா."

"அதுக்கில்லண்ணே, ஒரு ரத்தம்..."

"என் வோட்டே இந்த தபா இல்லம்மா. ஆள் இங்க, பொட்டி அங்க."

நான் குறுக்கிட்டேன். பொட்டி அங்கே இருந்தால் என்ன, விதி இருக்கிறதே. தபால் வாக்கு என்று ஒன்று உண்டு. ஆனால் பிரிட்டிஷ் தபாலும் இந்தியத் தபாலும் கைகோத்துக்கொண்டு ஒரு காகிதத்தைக் குறித்த நாளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்ப நான் நேற்றுச் சேர்ந்த குமாஸ்தா இல்லை. இரண்டாவது வழி, பதிலாள். நம் ஊரில் சிப்பாய்க்கு மட்டும் இருப்பது அங்கே ஊரில் இல்லாத எல்லோருக்கும் உண்டு. வாக்குப்பதிவுக்கு ஆறு வேலை நாளுக்கு முன், மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

மாடி வீட்டு அம்மா வாயில் கை வைத்தார். "அய்யய்யோ மேடம், இவரு வோட்ட இன்னொருத்தர் போடுறதா? லண்டன்லயும் கள்ள வோட்டா?"

அண்ணனுக்கும் முகம் சுருங்கிவிட்டது. "வாணாம் பாப்பா. இத்தினி வருசம் நேரா போய்ப் போட்டேன். இப்ப போய் கள்ள வோட்டா?"

சிப்பாயின் மனைவி கதையை இரண்டு பேருக்கும் சொன்னேன். நடுவிரல் விஷயத்தையும் சொன்னேன். மாடி வீட்டு அம்மா தன் நடுவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"யாரு போடுவா?" என்றார் அண்ணன்.

அதுதான் கேள்வி. பதிலாளுக்கு அந்தத் தேர்தலில் வாக்குரிமை இருக்க வேண்டும். மகன் கடலில். மருமகள் ஐரோப்பியக் குடிமகள். நாடாளுமன்றத் தேர்தலில் அவளுக்கு வாக்கு இல்லை. டிப்போ நண்பர்களில் பாதிப் பேர் கல்லறையில், மீதிப் பேர் முதியோர் இல்லத்தில். அக்கம்பக்கத்தாரிடம் கேட்க அவருக்கு மனமில்லை. வோட்டை வெளியாளிடம் கொடுப்பதும் பல்செட்டைக் கடன் கொடுப்பதும் ஒன்று என்றார். மிஞ்சியது ஒரே ஆள். அவளுக்குப் பதினெட்டு ஆகியிருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியிருந்தது.

"அவ போட மாட்டா" என்றார் அண்ணன். "போட்டாலும் எனக்கா போடுவா?"

நான் மருமகளை வீடியோவில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறியது தெரிந்தது. ஒரு கதவு திறந்தது. திரையில் அந்தப் பெண் வந்தாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தலை, காதில் பென்சில். அண்ணனிடம் போனைக் கொடுத்துவிட்டு நான் நகரப் பார்த்தேன். அவர் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

"தாத்தா, முட்டி எப்டி கீது?"

"நல்லாகீது, கண்ணு."

அப்புறம் நான்தான் நடைமுறையை விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். கடைசியில் தாத்தாவை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லவேல்ல. இன்னாத்துக்கு அப்டி போட்டே? பேப்பர்ல போட்டத நம்பிட்டியா?"

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர்ச் செய்தித்தாள்கள் அப்போது எதை எழுதினாலும் பெரிய எழுத்தில் எழுதின. அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தே பேசினார்.

"உங்க பாட்டி போனப்ப பாப்பாவுக்கு விசா கேட்டோம். உனக்கு ஞாபகம் இருக்காது. குடுக்கல. புருசன் இல்ல, புள்ள இல்ல, திரும்பி ஊருக்குப் போவான்னு எப்டி நம்பறதுன்னு எழுதிட்டானுங்க. கெசட்டட் ஆபீசர்! உங்க பாட்டிய குழில எறக்கறப்ப எனக்குன்னு நிக்க என்கூடப் பொறந்த ஆளு ஒண்ணு இல்ல. அதே வாரம் எங்க தெருவுக்கு யூரோப்புலேந்து ஒருத்தன் பொட்டியத் தூக்கிக்கினு வந்து எறங்கறான். அவன யாரும் ஒண்ணும் கேக்கல. அடுத்த வருசம் வோட்டு வந்திச்சு. இவனுங்களுக்கும் எங்களுக்கும் ஒரே வரிசையா வைடான்னு போட்டேன்."

விசா மறுக்கப்பட்டது எனக்குத் தெரியும், மறுக்கப்பட்டவளே நான்தான். அந்தக் கடிதத்தை நான் அலுவலகக் கண்ணோடு படித்தேன். அதில் விதிப்படி குற்றம் சொல்ல ஏதுமில்லை என்று கண்டு, மடித்து வைத்துவிட்டு, இங்கேயே ஒரு பூசைக்குச் சொன்னேன். அவர் அதை மடித்து வைக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு தங்கைக்காக ஒரு கண்டத்தையே விட்டு விலகச் சொன்ன அண்ணன் யாருக்கு வாய்த்திருக்கிறான்? முட்டாள்தனம்தான். அதற்குப் பிறகும் என் வரிசை ஒரு அடி குறையவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை நான் மறுக்கப் போவதில்லை.

அவள் விடவில்லை. "அத்தைய உள்ள வுடலன்னு எங்கம்மாவ வெளிய போவச் சொன்னியா?"

"உங்கம்மாவ நான் நெனக்கவேல்ல, கண்ணு." அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. "அவ வூட்டு ஆளு. ஃபாரின் ஆளு கணக்குல அவ எனக்கு வரவேல்ல. அவளுக்கும் ஃபாரம் வரும்னு எனக்குத் தோணவேல்ல."

திரையில் அவளுக்குப் பின்னால் நின்ற மருமகளுக்குத் தமிழ் அரைகுறைதான். "வூட்டு ஆளு" மட்டும் புரிந்திருக்க வேண்டும். அவள் மகளின் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இந்த தபா யாருக்குப் போடணும்?" என்றாள் பேத்தி.

அண்ணன் ஒரு பெயர் சொன்னார். அந்தத் தொகுதியின் பழைய உறுப்பினர்.

"அந்தாளா! தாத்தா, அம்மா மாதிரி ஆளுங்களுக்கு எதிரா கை தூக்குனவன் அவன்."

"தெரியும். ஆனா உங்க பாட்டி போனப்ப, விசாவுக்காக நான் எழுதுன லெட்டருக்கு பதில் போட்டது அவன் ஒருத்தன்தான். ஒண்ணும் நடக்கல. ஆனா கையால எழுதி பதில் போட்டான். இது எனக்குக் கடைசி வோட்டாக்கூட இருக்கலாம். அவனுக்குத்தான்."

"நான் அவனுக்கு எதிராத்தான் போடுவேன்."

"போடு. உன்னுது உன்னுது. என்னுது என்னுது."

"அப்ப ரெண்டும் அடிச்சிக்கினு பூடும். இன்னாத்துக்கு மெனக்கெடணும்?"

"அடிச்சிக்கினு போனாலும் ரெண்டு வோட்டு வுழுந்துச்சுன்னு எண்ணுவான் இல்ல?"

அவள் யோசித்துச் சொல்வதாக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். இரண்டு நாள் கழித்து மருமகளிடமிருந்து ஒரு வரி வந்தது: அவள் சம்மதம் சொல்லச் சொன்னாள்.

விண்ணப்பத்தை நான் இணையத்தில் நிரப்பினேன். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அண்ணன் நான்கு தாள் போட்டுப் பார்த்து, டிப்போவில் இன்ஸ்பெக்டராக இருந்தபோது போட்ட கையெழுத்து எதில் வந்ததோ அதைத் தேர்ந்தெடுத்தார். கெடுவுக்கு வெகு முன்பே அனுமதி வந்துவிட்டது. பதிலாள் தன் சொந்தப் புகைப்பட அடையாளத்தைக் காட்ட வேண்டும் என்றிருந்தது. எவை செல்லும் என்ற பட்டியலைப் படித்தபோது அண்ணன் குலுங்கிச் சிரித்தார். கிழவர்களின் இலவச பஸ் பாஸ் செல்லும். பிள்ளைகளின் மாணவர் பஸ் அட்டை செல்லாது. "பாரு பாப்பா, இதுலயும் எங்க கட்சிதான்!" நல்ல வேளையாக அவளிடம் பாஸ்போர்ட் இருந்தது.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. அனுமதி என்பது காகிதம். பதிலாள் உள்ளே போய் என்ன செய்தார் என்று உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ரகசிய வாக்கு. தாத்தாவின் சீட்டிலும் அவளுக்குப் பிடித்த ஆளுக்கே குறியிட்டுவிட்டு வந்தால் கேட்க ஆளில்லை. நான் அந்த வயதில் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அதனால் அவளுக்கு ஒரு செய்தி எழுதினேன். ஆங்கிலத்தில், பத்தி பிரித்து, சுற்றறிக்கை மாதிரி. பாஸ்போர்ட்டை மறக்காதே, பென்சில் வேண்டாம், பேனா கொண்டு போ, இரண்டு சீட்டுகளையும் குழப்பிக்கொள்ளாதே. கடைசியாக நம் ஊர் விதியையும் விளக்கி, அங்கே மை வைக்க மாட்டார்கள் என்றாலும், மரபை முன்னிட்டு நீயே சிறிது மை இட்டு, வாக்களித்ததற்கு அடையாளமாக உன் தாத்தாவுக்கு உன் நடுவிரலைக் காட்டவும் என்று முடித்தேன்.

அனுப்பிவிட்டு அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் கட்டிலிலிருந்து விழாதது அறுவை செய்த மருத்துவரின் புண்ணியம்.

"இன்னா பாப்பா எழுதிக்கீறே! நடுவெரலைக் காட்டுன்னா அந்த ஊர்ல இன்னா அர்த்தம் தெரியுமா?"

சொன்னார். எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் அந்தக் கெட்ட வசை பாடத்திட்டத்தில் இல்லை. நான் செய்தியை அழிக்கப் பார்ப்பதற்குள் இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. அண்ணன் ரோஜாப்பூ அனுப்புவதை நிறுத்தவில்லை. "கோச்சிக்கினா போலகீது" என்று ஒருநாள் மட்டும் சொன்னார்.

வாக்குப்பதிவு நாள் வந்தது. அவர் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, சிவாஜிநகரில் நான் வாங்கி வந்த டையைக் கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். அங்கே சாவடி திறக்கும்போது இங்கே நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு நெருங்கிவிட்டோம். போன் மேசை நடுவில் இருந்தது. மாடி வீட்டு அம்மா இரண்டு தடவை இறங்கி வந்து பார்த்தார். "வுழுந்துச்சாண்ணே?" "இன்னும் இல்லம்மா." பிசியோதெரபி செய்யும் பையனை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார் அண்ணன். என் ஆட்காட்டி விரல் நகத்தின் நுனியில் ஏப்ரல் மாத மை இன்னும் ஒரு கீற்று மிச்சம் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போவாட்டியும் பரவால்ல, பாப்பா" என்றார். "பரீட்சை எழுதிக் களைச்சுக் கெடக்கும்."

எனக்கு அது பரவாயில்லை என்று தோன்றவில்லை.

சாயங்காலம் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. நான் வருவதற்குள் அண்ணன் வாக்கர் இல்லாமல் எழுந்து நின்றிருந்தார். பதில் அவருக்கு வந்திருந்தது. எனக்கல்ல, சரியான முகவரிதான்.

ஒரு படம். இடது கையின் புறப்பக்கம். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மேலே நீட்டி, இரண்டு நகத்திலும் தோலிலுமாக ஊதா நிறத்தில் ஒரு கோடு. கீழே ஆங்கில எழுத்தில் தமிழ்: "தாத்தா, உன்னுது மொதல்ல போட்டேன், நீ சொன்ன ஆளுக்கே. அப்பறம் என்னுது. ரெண்டும் அடிச்சிக்கினு பூடுச்சு. பேனாலதான் போட்டேன். மை இல்ல, அம்மா நெயில் பாலிஷ். அம்மாவே வெச்சாங்க."

அண்ணன் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஊர்ல ரெண்டு வெரல இப்டித் திருப்பிக் காட்டுனா அதுக்கும் அதே கெட்ட அர்த்தம்தான், பாப்பா" என்றார். சிரிப்பு அடங்க அவருக்கு நேரம் பிடித்தது. "அதுவும் எனக்குத்தான்."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தத் தேர்தலில் வாக்கில்லாத ஒருத்தி வைத்த மை. ஆட்காட்டி விரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று. கோடு நகமும் தோலும் சேரும் இடத்தில், வைக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. தலைமை அலுவலராக நான் திருத்த அதில் ஒன்றும் இல்லை.

அண்ணன் அனுப்பிய ரோஜாப்பூக்களுக்கெல்லாம் பதில் வந்த நாள்: 2024 ஜூலை 4, வியாழக்கிழமை.